ஆயாவுக்கு ஒரு இலை

பால் டின் பெட்டியைப் பிரித்த அட்டையில் முதலில் அடுப்புக்கரியால் எழுதிப் பார்த்தேன், கலைந்து போனது. பிறகு மகளுடைய கலர் பேனாவை எடுத்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன்: "நம் ஆயாவை நினைவுகூர்வோம்." ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். அவ்வளவு பெரிய சொல்லை அதற்கு முன்னால் கையால் எழுதியதுமில்லை, வாயால் சொன்னதுமில்லை. எண்பதுகளில், மலேசியாவில் புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். செத்தவர்களை "நெனச்சுக்குவோம்", அவ்வளவுதான்.

அந்தச் சொல் எனக்குக் கிடைத்தது, கடையில் காய்ந்த மிளகாய் மடித்துக் கொடுத்த தமிழ்ப் பேப்பரில். இறந்தவர் படம், அடியில் "என்றும் நினைவுகூரும்" என்று போட்டு மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று பெயர்கள் இறங்கிக்கொண்டே போகும். அந்தச் சொல்லுக்குக் கீழே ஒற்றைப் பெயர் இருந்து நான் பார்த்ததில்லை. அதனால் நானாகவே ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டேன். நினைப்பது, ஒரு ஆள் அடுப்படியில் நின்றபடியே செய்கிற காரியம். நினைவுகூர்வதற்கு நாலு பேர் எழுந்து ஒரு இடத்துக்கு வரவேண்டும். சரியா தப்பா என்று படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆயா, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பக்கத்து வீடு. இருட்டோடு பால்மரம் வெட்டப் போகிற நாங்கள் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் அவரிடம்தான் விட்டுவிட்டுப் போவோம். வரிசையாக ஏணைகள் தொங்கும். இரண்டைக் கையாலும் ஒன்றைக் காலாலும் ஆட்டிக்கொண்டே நாலாவது பிள்ளைக்குப் பால் புகட்டுவார். புருஷன் போய், பிள்ளையும் இல்லாமல், தனிக்கட்டை. சாவதற்குச் சில மாதம் முன்னால் குழாயடியில் துணி அலசும்போது, "ஒனக்கென்னாடி, மூணு பெத்து வச்சிருக்க. எனக்கு யாரு வருசா வருசம் இலை போட்டுப் படைக்கப் போறா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். "நான் போடுறேன் ஆயா" என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. எனக்கு எப்போதும் கூச்சம். சோப்பு நுரையையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். பதிலைக் கேட்காமலே அவர் போய்விட்டார். அது ஒரு வருசமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது.

வருசத் திதி வந்தது. வீடு வீடாகப் போய்க் கூப்பிட எனக்கு ஏது தைரியம்? அதற்குத்தான் அட்டை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துத் தூணில், ஒருவரும் வருவதற்கு முன்னால் கட்டிவிட்டு வந்தேன். கீழே, "ஞாயிறு பகல், ஆயாக்கொட்டகையில் படையல். ஆயாவுக்குப் பிடித்ததைக் கொண்டு வரவும்" என்று சேர்த்திருந்தேன். அதைப் படித்த என் வீட்டுக்காரர், "என்னாடி, மந்திரி வர்றாப்ல எழுதி வச்சிருக்க? யாரும் வரப்போறதில்ல. பொங்கி வச்சு நாமளும் புள்ளைங்களுந்தான் திங்கணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். ஆயா வீட்டிலிருந்து தினமும் பலகைச் சுவரைத் தாண்டி வந்த வாசம் அதுதான். இலை விரித்து, விளக்கேற்றி உட்கார்ந்தோம். வெகுநேரம் யாரையும் காணோம். வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

முதலில் வந்தது, எங்களை வேலை வாங்கும் மண்டோருடைய மகன், அசாம் ஜாவாவில் லோரி ஓட்டுகிறவன். கையில் ஒரு டின் பால். பின்னாலேயே ரவாங் பேக்டரியில் வேலை செய்கிற பெண் பிஸ்கட்டோடு வந்தாள். அப்புறம் ஒருத்தி சீனி தூவிய கஞ்சி, இன்னொருவன் தேத்தண்ணியில் நனைத்த ரொட்டி. அந்த வயதுக்காரர்கள் அத்தனை பேரும் ஆயா ஏணையில் கிடந்தவர்கள். மண்டோர் பெண்சாதி இலையைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, செத்தவங்களுக்குப் படைக்கிறீங்களா, பச்சப்புள்ளைக்குச் சோறு ஊட்டுறீங்களா?" என்று அதட்டினார்.

"ஆயாவுக்கு என்னா பிடிக்கும்னு யாருக்கும்மா தெரியும்? எங்களுக்குக் குடுத்ததுதான் தெரியும் லா," என்றான் மகன்.

அந்த அம்மாள் போய் இரண்டாவது இலை ஒன்று அறுத்துக்கொண்டு வந்தார். முதல் இலையில் இடமில்லை. கற்பூரம் காட்டி முடித்ததும் பெரிய பெரிய ஆண்பிள்ளைகள் சப்பணமிட்டு உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். என் கருவாட்டுக் குழம்பை யாரும் சீண்டவில்லை. அது ஆயாவுக்கு என்றே விட்டுவிட்டேன்.

அந்தத் தோட்டத்தில் இப்போது ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்டது, லயத்தையும் உடைத்துவிட்டார்கள். புக்கிட் பெலிம்பிங்கில் என் வீட்டுக் கூடத்தில்தான் இலை போடுகிறோம். கஞ்சி குடித்தவர்கள் இன்று பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

அந்த முதல் படையல் முடிந்து எல்லாரும் கலையும்போது லோரிக்காரத் தம்பி கையைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த வருசமும் இங்கதானேக்கா?" என்று கேட்டான்.

"இங்கதான். நேரத்தோட வந்து சேரு!" என்றேன்.

வெளியே நின்றிருந்த வீட்டுக்காரர், சத்தம் போட்டது யார் என்று உள்ளே எட்டிப் பார்த்தார்.