ஓரம் கருகிய பீட்சா

என் தங்கை குவைத்திலிருந்து வந்தபோது, இனிப் போவதில்லை என்ற எண்ணத்தோடுதான் வந்தாள். அவளுடைய கணவர் பிரிந்துபோன பிறகு அவள் மகள் மாத்தளையில் என் வீட்டில்தான் வளர்ந்தாள். பிள்ளை பதினோராம் வகுப்பு முடிவில் சாதாரண தரப் பரீட்சை எழுதும்வரையாவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தங்கை ஆசைப்பட்டாள். அதற்கு இங்கேயே ஒரு வருமானம் வேண்டும். அங்கே வேலை செய்த வீட்டில் அவள் திருத்தமாகக் கற்றுக்கொண்டது பீட்சா. வீட்டில் சுட்டு அக்கம்பக்கத்துக்கு விற்றுப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

நான் யட்டவத்தையில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை பார்க்கிறேன். நிறுக்காமல், அளக்காமல் எதையும் செய்ய எனக்கு வராது. மா, உப்பு, ஈஸ்ட் எல்லாவற்றையும் தராசில் நிறுத்து வைத்தேன். தண்ணீரில்தான் சண்டை வந்தது. சட்டியில் மா கூழாகக் கிடந்தது. ரொட்டிக்குப் பிசைந்து பழகிய கை சும்மா இருக்குமா? இன்னொரு பிடி மா போடப் போனேன். தங்கை என் மணிக்கட்டில் தட்டினாள்.

"கைய எடுங்க அக்கா. ஒட்டணும். ஒட்டினாத்தான் நல்லா வரும்."

"இது மாவா, கஞ்சியா?"

"நாளைக்குப் பாத்துட்டுப் பேசுங்க."

ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் இருந்த பிறகு அதே மா குமிழி குமிழியாகப் பொங்கியிருந்தது. இழுத்த இழுப்புக்குக் கிழியாமல் வந்தது. நான் மாப் பையின் வாயைக் கட்டி வைத்தேன்.

அடுத்த தொல்லை சூடு. எங்களிடமிருந்த சின்ன மின்சார ஓவனில் பீட்சா வெளுத்து, பிஸ்கட் போலக் காய்ந்து வந்தது. மேலேயிருந்தும் கடுமையான சூடு வேண்டும் என்றாள் தங்கை. அப்போது எனக்கு அம்மா தீபாவளிக்குக் கேக் சுட்டது நினைவுக்கு வந்தது. தோட்டத்து லயத்து வீட்டில் ஓவன் ஏது? அடுப்பில் சட்டி, மூடியின் மேல் சிரட்டைத் தணல், அவ்வளவுதான். பின்வாசல் விறகடுப்பில் கனமான ரொட்டிக்கல்லை வைத்து, அதன் மேல் ஒரு தகரத் தட்டை மூடி, தட்டு நிறையத் தணலைக் கொட்டினோம். முதலில் மேல் கருகி அடி வேகாமல் வந்தது. பிறகு அடி கல்லோடு ஒட்டிக்கொண்டது. கல்லை நன்றாகக் காயவிட்ட பிறகே மாவைப் போட வேண்டும் என்பது அப்புறம்தான் பிடிபட்டது.

நாவுலைப் பக்கமிருந்து சந்தைக்கு வரும் பழுத்த தக்காளியை வேகவைக்காமல் கையாலேயே மசித்து, நீரை வடித்தோம். பீட்சாவுக்குப் போடும் ஒரிகானோ என்று கடையில் வாங்கிய காய்ந்த இலையில் வாசமே இல்லை. கிணற்றடிக் கற்பூரவள்ளியில் ஏறக்குறைய அதே வாசம் இருந்தது. ஓர் இலை, பொடியாக அரிந்து. அதற்கு மேல் போட்டால் கசக்கும்.

ஒரு சனிக்கிழமை மாலை அது சரியாக வந்தது. ஓரம் உப்பி, அங்கங்கே கறுப்புப் புள்ளி விழுந்து, பிட்டால் உள்ளே பஞ்சு போலிருந்து ஆவி பறந்தது. மூன்று பேரும் அடுப்படியில் நின்றபடியே தின்றோம். பிள்ளை அம்மாவின் பங்கிலிருந்தும் ஓரத்தைப் பிடுங்கித் தின்றாள். "பாத்தீங்களா அக்கா, இனி நான் எங்கயும் போகத் தேவல்ல" என்றாள் தங்கை. நானும் நம்பினேன்.

பக்கத்து ஒழுங்கை வீடொன்றில் ஒரு பிறந்தநாளுக்குத்தான் முதல் ஓடர் கிடைத்தது. மறுநாள் அந்த வீட்டுப் பெண் வந்து எங்கள் கேற்றடியிலேயே நின்றுகொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க மிஸ். ஓரமெல்லாம் கருகிப் போச்சு. ரொட்டி மாதிரி மெலிசா வேற இருந்திச்சா, பிள்ளைங்க தொடவே இல்ல. அப்புறம் அது என்னங்க, சளிக்குக் குடுக்கிற எல வாசம்?"

அவர் போன பிறகு தங்கை சிரித்தாள். "இருமல் வந்தா ஓடர் பண்ணச் சொல்லுங்க அக்கா."

அடுத்தடுத்து வாங்கியவர்களும் இதையேதான் கொஞ்சம் பதமாகச் சொன்னார்கள். எவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. ஊருக்குத் தெரிந்த பீட்சா பஸ் நிலையத்துப் பேக்கரியில் இருக்கிறது: பாண் போலத் தடித்தது, தக்காளி சோஸ் இனிப்பாக, மேலே சொசேஜ். அப்படியும் ஒன்று செய்து பார்த்தோம். தங்கை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இது அங்க எப்பவும் இருக்கே அக்கா. நம்மகிட்ட ஏன் வாங்கப் போறாங்க?"

நாங்கள் ருசித்து மகிழ்ந்ததை ஊரும் ருசிக்கும் என்று கணக்குப் பார்க்காமல் நம்பிவிட்டோம். மாவைக் கிராம் சுத்தமாக நிறுத்த நான், ஒரு துண்டை முதலில் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துப் பார்க்கவில்லை. கொடுத்திருந்தாலும் அந்த ஓரத்தை மாற்ற எங்களுக்கு மனம் வந்திருக்குமா என்று தெரியவில்லை.

பிள்ளையின் பரீட்சைக்கு முன்பே தங்கை மீண்டும் குவைத்துக்குப் புறப்பட்டாள். போன மாதம் குரல் பதிவொன்று அனுப்பியிருந்தாள். "இங்க புது மேடம் வீட்டுப் பிள்ளைங்க ஓரத்தக் கூட விட்டு வைக்கிறதில்ல அக்கா. நம்ம ஆளுங்களுக்குத்தான் குடுத்து வைக்கல்ல." சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். பதிவு சட்டென்று நின்றிருந்தது.

சென்ற சனிக்கிழமை பிள்ளை கேட்டாள் என்பதற்காகப் பின்வாசல் அடுப்பை மூட்டினேன். அளவெல்லாம் அதே அளவு. கருகிவிடுமோ என்ற பயத்தில் தணலை மட்டும் சற்று முன்னதாகவே வழித்துவிட்டேன். வட்டம் பிசகாமல், ஒரு புள்ளி இல்லாமல் வெளிறிய நிறத்தில் வந்தது. அந்தப் பிறந்தநாள் வீட்டுக்குக் கொடுத்திருந்தால் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிள்ளை நடுப்பகுதியைத் தின்றுவிட்டு ஓரத்தைத் தட்டில் வைத்தாள்.

"ஏன்டி, நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு பெரியம்மா. ஆனா கருகவே இல்லையே."