மாலை போட்ட கிரேனும் கேட்டுக்கு மேலே போன கம்பியும்

மேரு டவுனில் எங்கள் யார்டுக்கு ஐம்பது டன் புது கிரேன் வந்தபோது, சாவி எனக்குத்தான் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். பாஸ் அதைத் தேவாவிடம் கொடுத்தார். எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவன் அவன். எனக்கு வயிறு எரிந்தது. என் பழைய கிரேனில் ஏசி ஓடாது. அவனுக்கு மட்டும் குளுகுளு கேபின். கேண்டீன் அக்காகூட, "தேவா ஓட்டுற அழகே தனி லா" என்றார். அன்று நான் டீயே குடிக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் யார்டில் ஒரு வழக்கம். முதல் மரியாதை பெறும் கிரேனின் கொக்கியில் பெரிய மாலையைக் கட்டி, தேங்காய் உடைத்ததும் பூமை, அதாவது கிரேனின் நீளக் கையை, முழுசாக மேலே தூக்க வேண்டும். பல வருஷம் அந்த மாலை என் கிரேனுக்குத்தான் வந்தது. எப்போதும் யார்டின் நடுவில்தான் நிறுத்துவோம். அன்று பாஸ், "ரோட்டுல போறவன் பார்க்கணும்" என்று புது கிரேனை கேட் ஓரமாக நிறுத்தச் சொன்னார். கேட்டுக்கு மேலே ஹை வோல்டேஜ் கம்பி போகிறது.

தேங்காய் உடைந்ததும் தேவா பூமைத் தூக்கினான். எல்லோரும் கைகூப்பி மாலையைப் பார்த்தார்கள். நான் கும்பிடவில்லை. தேவாவிடம் ஏதாவது குறை அகப்படாதா என்று பூமின் நுனியையே முறைத்துக்கொண்டிருந்தேன். அகப்பட்டது. நுனி கம்பியை நெருங்கிக்கொண்டிருந்தது.

"டேய், கம்பிடா! நிறுத்து!"

ஸ்பீக்கரில் நாதஸ்வரம். அவன் காதில் விழவில்லை. படீரென்று சத்தம், நீல வெளிச்சம். என்ஜின் அணைந்தது. பூம் கம்பியில் சாய்ந்தபடியே நின்றது.

"சத்தம் நின்னுடுச்சு, இறங்குடா தேவா!" என்று பாஸ் கிரேனை நோக்கி ஓடினார். தேவா கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தான். கால் மண்ணிலும் கை கிரேனிலும் பட்டால் கரண்ட் அவன் உடம்பு வழியாகத்தான் இறங்கும். சத்தம் நின்றால் கரண்ட் நின்றது என்று அர்த்தமில்லை. லைன் தானாகவே திரும்ப வரும்.

பாஸின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "கிட்ட போகாதீங்க பாஸ், செத்துருவீங்க! தேவா, கதவை மூடு! எதையும் தொடாம உட்காரு. தீப்பிடிச்சா மட்டும், ரெண்டு காலையும் சேர்த்து வெளியே குதி!"

"அண்ணே, பயமா இருக்குண்ணே!"

"எனக்கும்தான்டா. உட்காரு!"

அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அந்த நேரத்தில் என் மனதில் அது மட்டும்தான் ஓடியது.

கரண்ட் ஆட்கள் வந்து லைனை அணைத்து, எர்த் போட்டு, "சுடா ஓகே, போலே துருன்" என்று மலாயில், எல்லாம் சரி, இறங்கலாம் எனச் சொன்ன பிறகுதான் அவனை இறங்க விட்டேன். பாஸ் அவனைக் கட்டிப்பிடித்தார். "என்னா தைரியம் பாத்தீங்களா! அசையாம உட்கார்ந்திருந்தான் லா!" கேண்டீன் அக்கா அவனுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். எனக்கு ஒரு வாய் தண்ணீர்கூட யாரும் நீட்டவில்லை. எரிச்சல் திரும்பி வந்துவிட்டது.

கிரேன் ஓட்ட வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கம்பி இருக்கும் இடத்தில், கம்பியை மட்டுமே பார்ப்பதற்குக் கீழே ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் பூமைத் தூக்க வேண்டும். உங்களை ரசிப்பவனை நிறுத்தாதீர்கள். அவன் உங்களைத்தான் பார்ப்பான்.

இப்போதும் அப்படி ஒரு வேலை வந்தால் தேவா என்னைத்தான் கூப்பிடுகிறான். "அண்ணே, நீங்க கீழ நின்னாத்தான் தூக்குவேன்."

போய் நிற்கிறேன். அந்த ஏசி கேபினை நினைத்தால் வயிறு எரியத்தான் செய்கிறது. கண்ணை மட்டும் கம்பியை விட்டு எடுப்பதில்லை.