நாகலூர் முதியோர் இல்லத்துக்கு நான் தனியாகப் போன சனிக்கிழமை

எங்கள் சபையிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை, ஏற்காட்டைத் தாண்டி நாகலூர்ப் பக்கம் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய் ஜெபக்கூட்டம் நடத்துகிறோம். இரண்டு வருடப் பழக்கம். ஆறு பேர், ஒரு வேன். அதில் என் வேலை பாட்டுப் புத்தகங்களைக் கொடுத்து வாங்குவது மட்டும். நான் கணக்கு வாத்தியார். நாற்பது பிள்ளைகள் முன்னால் கத்த வரும். பெரியவர்கள் முன்னால் நின்று ஜெபம் பண்ண வராது.

போன ஐப்பசி மழையில் நான் மட்டும் போக வேண்டி வந்தது. கூட்டத்தை நடத்தும் சாலமோன் அண்ணனுக்குக் காய்ச்சல். மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு தடங்கல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் போனில், "அவங்க காத்துட்டு இருப்பாங்க தம்பி. நீங்க மட்டுமாச்சும் போய் ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு நான் நான்கு பக்கம் எழுதினேன்.

சேலத்தில் காலை 7.10க்கு பஸ் ஏறினேன். ஏற்காட்டுக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம், இருபது கொண்டை ஊசி வளைவுகள். மழை இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அன்று பாதி மலையில் ஒரு கிளை முறிந்து கிடந்ததால் இருபத்தைந்து நிமிடம் நின்றோம். அப்போதுதான் இல்லத்தின் மேட்ரன் ரெஜினா அக்கா கூப்பிட்டார்.

"தேவசகாயம் ஐயா மூணு நாளா ஒழுங்காச் சாப்பிட மாட்டேங்கறாருங்க. நேத்து டாக்டர் வந்து பாத்தாரு, பெருசா ஒண்ணுமில்லைங்கறாரு. இன்னிக்கும் இப்படியே இருந்தா சேலத்துக்குக் கூட்டிட்டுப் போய் டிரிப்ஸ் ஏத்தணும். நீங்க வந்து ஜெபம் பண்ணா மனசு மாறுவாருங்களோ என்னமோ."

தேவசகாயம் ஐயாவுக்கு எண்பத்து நான்கு வயது. காபி எஸ்டேட்டில் நாற்பது வருடம் ரைட்டராகக் கணக்கு எழுதியவர். கூட்டத்துக்கு எப்போதும் சட்டையை மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்காருவார். என் நான்கு பக்கத்தில் அவருக்குச் சொல்ல ஒரு வரிகூட இல்லை என்று பஸ்ஸிலேயே தெரிந்துவிட்டது.

ஏற்காட்டில் இறங்கும்போது 8.50. நாகலூர் பஸ் 9.45க்கு என்றார்கள். காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஆட்டோ பிடித்தேன்; முந்நூற்றைம்பது ரூபாய், பத்து கிலோமீட்டர். பனிமூட்டத்தில் முன்னால் போகும் வண்டி தெரியவில்லை.

"ஏனுங்க, யாருக்காச்சும் ஒடம்பு முடியலைங்களா?" என்றார் டிரைவர்.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"நிமிசத்துக்கு ஒருக்கா மணி பாக்கறீங்களே. நான் மெதுவாத்தானுங்க போவேன். நொம்ப அவசரம்னா சொல்லுங்க, அப்பவும் மெதுவாத்தான் போவேன்."

9.35க்குப் போய்ச் சேர்ந்தேன். ஹாலில் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் ஒரு நாற்காலி காலி. பாட்டை நான் எட்டாத சுருதியில் எடுத்துவிட்டேன். இரண்டாவது வரியில் பெண்களே அதைக் கீழே இறக்கிப் பாடிக் காப்பாற்றினார்கள். நான்கு பக்கம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

பிறகு ஐயாவின் அறை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பக்கத்தில் கஞ்சி ஆடை கட்டியிருந்தது. ஒரு இளம்பெண், அங்கே பணியாளர், தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"ஸ்தோத்திரங்க ஐயா."

"ஸ்தோத்திரம் தம்பி. ஆண்டவர் என்னைச் சீக்கிரம் எடுத்துக்கணும்னு ஜெபம் பண்ணுங்க."

அப்படி ஜெபிக்கலாமா? மாட்டேன் என்றால் மனம் உடைந்துவிடுவாரா? சாலமோன் அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. எதுவும் தோன்றாமல் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினேன். உதட்டை மட்டும் நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் உதடு வெடித்திருந்தது. கண் டம்ளரிலேயே இருந்தது.

"தாகமாத்தான இருக்குங்க ஐயா? ஏன் குடிக்க மாட்டேங்கறீங்க?"

அந்தப் பெண் வெளியே போகும்வரை பேசாமல் இருந்தார். பிறகு சன்னமாக, "குடிச்சா போகணுமில்ல கண்ணு" என்றார்.

கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் புரிந்தது. அவரைக் கழிவறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க்கொண்டிருந்த முருகேசன் என்ற ஆள் நான்கு நாளைக்கு முன் வேலையை விட்டுப் போயிருந்தார். மிச்சம் இருப்பவர்கள் எல்லாரும் பெண்கள்.

"நல்ல புள்ளைங்க. ஒரு சொல் கடிஞ்சு பேசாதுங்க. ஆனா எம் பேத்தி வயசு. அதுங்க கையால என் வேட்டியை அவுக்கறதுக்கு..."

"இப்பப் போகணுமுங்களா?"

கண்ணை மூடிக்கொண்டு, "ஆமா" என்றார்.

என் அப்பாவுக்குக்கூட நான் இதைச் செய்ததில்லை; எல்லாம் என் கூடப்பிறந்த அண்ணன்தான் பார்த்தார். கட்டிலிலிருந்து கழிவறைக்குப் பன்னிரண்டு காலடி. தரை ஈரம். விட்டுவிட்டால் இடுப்பெலும்பு போய்விடும் என்ற பயத்தில் அவரைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடித்தேன். "வலிக்குது தம்பி, கொஞ்சம் விடுங்க" என்றார். கழுவிவிட்டு, வேட்டி மாற்றி, திரும்பக் கொண்டுவந்து உட்காரவைக்க இருபது நிமிடம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

உட்கார்ந்ததும் கை நீட்டி டம்ளரை வாங்கி, ஒன்றரை டம்ளர் குடித்தார். சூடாக வந்த புதுக் கஞ்சியில் பாதி உள்ளே போனது.

"ஐயா, அந்த ஜெபம்..." என்று இழுத்தேன்.

"அது கெடக்கட்டும். கஞ்சில உப்பே இல்லைன்னு சொல்லுங்க."

ரெஜினா அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலைங்களே. ஆள் தேடிட்டுத்தானுங்க இருக்கோம், அதுக்குள்ள இப்படின்னு தெரியாமப் போச்சே." நாகலூரிலிருந்து வரும் தோட்டக்காரர் காலையும் மாலையும் உதவ ஒப்புக்கொண்டார். நடுவில்? அந்தக் கேள்வியோடுதான் பஸ் ஏறினேன். மறுநாள் ஆராதனை முடிந்ததும் சபையில் எழுந்து கேட்டேன். ஒருவர் வீட்டில் சும்மா இருந்த கழிப்பறை நாற்காலி திங்கட்கிழமை மலையேறியது. மூன்று வாரத்தில் வெள்ளக்கடை என்ற ஊரிலிருந்து ஒரு ஆண் பணியாளர் வேலைக்குச் சேர்ந்தார். ஐயா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார்.

ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. அடுத்த மாதம், வேறு யாராவது இப்படி இருக்கிறார்களா என்று அங்கே தங்கியிருக்கும் பெண்களிடம் பேசச் சொல்லி எங்கள் குழுவின் அக்காமாரைக் கேட்டுக்கொண்டேன். வந்த பதில்: நாங்கள் வரும் சனிக்கிழமைகளில் ஐந்து பேர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. ஜெபத்துக்கு நடுவில் எழுந்தால் மரியாதையில்லையாம். எங்கள் கூட்டம் இரண்டு மணி நேரம். இரண்டு வருடம்.

இப்படிப்பட்ட இல்லங்களுக்கு ஊழியத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு: மழைக்காலத்தில் ஏற்காடு போய்ச்சேர ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். நாகலூரிலிருந்து திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். குழுவில் ஆணும் பெண்ணும் இருக்கட்டும். ஆளைத் தாங்கிப் பிடித்து நடத்துவது எப்படி என்று ஒரு நர்ஸிடம் முன்பே கற்றுக்கொள்ளுங்கள். கூட்டத்தை நாற்பது நிமிடத்தில் முடியுங்கள். தொடங்குமுன், "நடுவுல எந்திரிச்சுப் போகலாமுங்க, ஒண்ணும் தப்பில்லை" என்று சத்தமாகச் சொல்லுங்கள். போன மாதம் நாங்கள் அப்படிச் சொன்னதும் முதல் பாட்டிலேயே மூன்று பேர் எழுந்தார்கள். பாட்டை நிறுத்திக் காத்திருந்தோம்.