ஆல்வின் சாரின் நோட்டு

ஆல்வின் சாரை நல்லவர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். நல்லவர்தான், யார் இல்லை என்றது? கொஞ்சம் சூதுவாதும் தெரிந்திருக்கலாமே மனுஷருக்கு.

2003-இல் சாணார்பட்டிக்குக் கிழக்கே ஓர் உதவிபெறும் பள்ளியில் அவர் கணக்கு வாத்தியார். நான் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை. ஐம்பத்திரண்டு பிள்ளைகள். சிலர் அல்ஜீப்ராவை ஊதித் தள்ளுவார்கள், சிலர் விரல்விட்டுக் கூட்டுவார்கள். எல்லோருக்கும் ஒரே கணக்கைப் போட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். வகுப்பை மூன்றாகப் பிரித்து உட்கார வைத்தார். ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஆட்டை வைத்துக் கணக்கு, பூந்தோட்டத்துப் பிள்ளைக்குப் பூவை வைத்து.

யாருக்கு எது வரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதியும் வைத்தார், ஆளுக்கு ஒரு பக்கம். பூந்தோட்டத்து வீட்டுத் தமிழ்மதியின் பக்கத்தில் 'வகுத்தல் அறவே வராது' என்று இருந்தது. பார்த்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இதையெல்லாம் எழுத்தில் வைக்காதீர்கள் என்று சொன்னேன். எழுதாவிட்டால் தனக்கே மறந்துவிடும் என்று சிரித்தார்.

முந்தைய வருஷம் எங்கள் பத்தாம் வகுப்பில் ஏழு பேர் பெயில். பக்கத்துப் பள்ளிக்காரர்கள் 'நூறு சதவீதம்' என்று பஸ் ஸ்டாண்டில் தட்டி வைத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் தலைமையாசிரியர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படிப்பட்டவர் ஏப்ரல் மாதம் ஆல்வின் சாரைக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கோடையில் தனி வகுப்பு வைக்கலாம், அந்த நோட்டைக் கொடுங்கள் என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. இவரோ பூரித்துப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

தனி வகுப்பு பற்றிப் பேச்சே இல்லை. ஒரு வாரம் கழித்து கிளார்க் புது டி.சி. புத்தகம் ஒன்றை என் மேஜையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

மே மாதம் ஒன்பது பேருடைய பெற்றோரை வரச் சொன்னார்கள். முதலில் வந்தது தமிழ்மதியும் அவள் அப்பா சோலைமுத்துவும். ஆல்வின் சாரையும் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தலைமையாசிரியர் தணிந்த குரலில் பேசினார். இவள் பத்தாவது எழுதினால் பெயில்தான், நீங்களாக டி.சி. கேட்டதாகக் கையெழுத்துப் போடுங்கள், பிறகு தனியாகப் பரீட்சை எழுதிக்கொள்ளட்டும். அப்படிப் போன பிள்ளைகளில் எழுதினவர்களை நான் பார்த்ததில்லை. சோலைமுத்து பேனாவைத் தொடவில்லை. உடனே தலைமையாசிரியர் நோட்டை விரித்து அவர் பக்கம் தள்ளினார்.

"அது ஆடி மாசம் எழுதுனது," என்றார் ஆல்வின் சார். "இப்ப நல்லா போடுறா. தமிழ்மதி, பூ கட்டுறப்ப ஒரு கண்ணிக்கு நாலு பூ. தொண்ணூத்தாறு பூவுக்கு எத்தன கண்ணி?"

அவள் அப்பாவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"இருவத்திநாலு சார்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தலைமையாசிரியர் அசையவில்லை. "கவர்ன்மெண்ட் பரீட்சையில பூவா கேப்பான்?" என்றார்.

சோலைமுத்து நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"சார், இது உங்க கையெழுத்துதான?"

"என் கையெழுத்துதான். ஆனா..."

"போதும் சார். வேற யாரு சொல்லியிருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். நீங்க பொய் எழுத மாட்டீங்க."

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஆல்வின் சார் எழுந்து தடுப்பார் என்று பார்த்தேன். அவர் எழவில்லை. நான் மட்டும் என்ன கிழித்தேன்? கையோடு கொண்டுவந்திருந்த டி.சி. புத்தகத்தைத் திறந்து, முதல் தாளில் தமிழ்மதியின் பெயரை எழுதினேன்.