யோதேபாவின் முங்குக் கண்ணாடி

பசிபிக் கடலில் இருக்கிற எங்கள் கிறிஸ்துமஸ் தீவில் யோதேபாவைப் போல முங்கத் தெரிந்தவன் கிடையாது. இல்லை என்று சொல்கிறவன் என் முன்னால் வந்து சொல்லட்டும். அமெரிக்காக்காரன் வீட்டுத் தொட்டியில் வைத்து அழகு பார்க்கிற அந்தத் தீ நிற மீன்களை, ஒரு செதில் உதிராமல் பிடித்து மேலே கொண்டுவருவான்.

அப்படிப் பிடிக்கும்போது ஒரு மீன் பாறைப் பலகைக்கு அடியில் நுழைந்தது. வலையை விட்டுவிட்டு வெறுங்கையை உள்ளே விட்டான். உள்ளே இருந்ததோ குத்து இறால். கும்பிடுபூச்சி மாதிரி முன்கைகளை மடக்கிக்கொண்டு பரம சாதுவாக உட்கார்ந்திருக்கும். சீண்டினால் முன்கையால் ஒரே குத்து, சிப்பியே தூள்தான். மயில் நிறம் வேறு, பாவி! யோதேபாவின் வலது கட்டைவிரல் எலும்பு தெரியப் பிளந்தது. புண் சீழ்பிடித்து ஒருவழியாக ஆறுவதற்குள் அந்தக் கையின் பிடியும் போயிற்று, உணர்ச்சியும் போயிற்று.

அதன் பிறகு அவன் மீன் ஏற்றுமதிக் கொட்டகையில் தொட்டி கழுவினான். வீட்டுக் கூரைக் கம்பில் மட்டும் அவனுடைய முங்குக் கண்ணாடி தொங்கிக்கொண்டே இருந்தது. தினமும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, மறுபடி மாட்டுவான்.

"கட்டின பொண்டாட்டிய என்னைக்காச்சும் இப்படித் தொட்டுப் பாத்திருக்கியா?" என்பாள் ரக்கேரா.

"ஈஸ்டருக்குள்ள கை சரியாயிடும், பாரு."

"எந்த ஈஸ்டருக்கு?"

அவன் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரன் வந்து 'புபுசி' என்று சொல்லி ஒன்றைக் கேட்டுவிட்டால் மறுக்கக் கூடாது. சட்டையோ, சைக்கிளோ, வளர்த்த பன்றியோ, எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். மறுத்தால் ஊரில் தலைகாட்ட முடியாது. ஆனால் ஒருவன் எதை வைத்துப் பிழைக்கிறானோ அதை எவனும் கேட்கமாட்டான். யோதேபாவின் கண்ணாடியையும் யாரும் கேட்கவில்லை. ஊர் தன்னை இன்னும் முங்குகிறவனாகத்தான் நினைக்கிறது என்ற தெம்பில்தான் மனிதன் நடமாடிக்கொண்டிருந்தான்.

அந்தச் சமயத்தில் கொட்டகைத் தொட்டி ஒன்றில் மீன்கள் குறைய ஆரம்பித்தன. காலையில் போய்ப் பார்த்தால் ஒரு வால் கிடக்கும், ஒரு தலை கிடக்கும். தொட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம். கடலிலிருந்து கொண்டுவந்து போட்ட ஏதோ ஒரு கல்லின் ஓட்டைக்குள் ஒளிந்து குத்து இறால் ஒன்று வந்து சேர்ந்திருந்தது.

"மச்சான், நீ விடு. கல்லோட தூக்கி வாளியில போட்டுடலாம்" என்றான் தபுயா. ரக்கேராவின் தம்பி, அவனும் முங்குகிறவன்தான்.

"போடா! இது என் ஆளு. நான்தான் பிடிப்பேன்."

வலது கையில் இடுக்கியை எடுத்தான். பிடித்தும்விட்டான்! ஆனால் விரல்கள் இறுகவில்லை. இடுக்கி நழுவியது அவனுக்கே தெரியவில்லை. திமிறிய இறால் தொட்டிக் கண்ணாடியில் விட்டது ஒரு குத்து. பழைய தொட்டி, விரிசல் விட்டுப் பிளந்தது. தண்ணீரும் மீன்களும் தரையில் கொட்டின. எல்லோரும் ஓடி ஓடி மீன்களைப் பொறுக்கினார்கள்.

எங்கள் ஆட்கள் சாவு வீட்டில்கூடச் சிரிக்கிறவர்கள். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. யோதேபா பயந்தது அதற்குத்தான்.

சாயங்காலம் தபுயா ஒரு பாட்டில் கள்ளோடு வீட்டுக்கு வந்தான். மழையைப் பற்றிப் பேசினான், படகு மோட்டாரைப் பற்றிப் பேசினான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"மச்சான், புபுசி. அந்த முங்குக் கண்ணாடி."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த ரக்கேரா நிமிரவே இல்லை. யோதேபா எழுந்து இடது கையால் அதைக் கழற்றிக் கொடுத்தான்.

"பட்டை கொஞ்சம் இறுக்கமா இருக்கும். பாத்துப் போட்டுக்க."

தபுயா போன பிறகு யோதேபா ரக்கேராவிடம் கேட்டான். "நீ சொல்லித்தான் வந்தானா?"

"ஆமா, நான்தான் சொன்னேன். என்கிட்ட சொல்லாம ஒருநாள் கடல்ல இறங்கத்தான் போற. பிடிக்க ஒரு கை இல்லாம அங்கயே கிடப்ப. அப்புறம் நான் யார்கிட்டப் போய் உன்னைக் கேக்கறது?" என்று அழுதாள். அவனுக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. அன்று ராத்திரி முழுக்க அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தான்.

கொடுத்தவனுக்கும் கேட்கிற உரிமை உண்டு. மறுநாள் படகு கரையேறும்போதே யோதேபா போய் நின்றான்.

"தபுயா, இப்ப என் முறை. புபுசி. நீ கீழ என்ன பாத்தேன்னு சொல்லு."

தபுயா தலையைச் சொறிந்தான். "என்னத்தச் சொல்ல? தண்ணி இருந்துச்சு. மீன் இருந்துச்சு."

"வெளிச்சம் எப்படி இருந்துச்சு?"

"வெளிச்சம் வெளிச்சமாத்தான் இருந்துச்சு மச்சான்."

"அட முண்டமே!" யோதேபா சிரித்தான். சிரிக்கும்போதே கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. "சரி, பாறைக்கு அடியில கை விட்டியா?"

"விட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

தபுயா வாயெடுத்தவன், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். வலையைக் கீழே வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தான்.

"ஜில்லுனு இருந்துச்சு மச்சான். மொதல்ல விரல் நுனியில. அப்புறம் மெதுவா மணிக்கட்டு வரைக்கும் ஏறுச்சு."

யோதேபா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"இன்னும் சொல்லு" என்றான்.