கன்னத்துச் சோறு

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது எங்கள் சாய்ந்தமருது வீட்டில் உம்மா ஐந்து சின்னப் பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் வேலைக்குப் போகும் உம்மாமாரின் பிள்ளைகள். வந்த புதிதில் ஒருவன் கட்டிலுக்குக் கீழே படுத்துத்தான் சாப்பிடுவான். இன்னொருத்திக்கு வாசலில் நின்று காகம் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் உம்மாவிடம் ஒரே வைத்தியம்தான் இருந்தது. பன்பாயை விரித்து, நடுவில் பெரிய சஹன் தட்டில் சோற்றைக் கொட்டி, கலியாண வீட்டில் போல எல்லோரையும் சுற்றி இருத்துவார். ஒரே சஹனில் கை வைத்தவர்களில் கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் எழும்பக் கூடாது. கலியாண வீட்டுச் சட்டம் எங்கள் வீட்டுக்கும் வந்தது.

பள்ளிக்கூட லீவு நாட்களில் இதில் எனக்கும் ஒரு உத்தியோகம் இருந்தது. ஆடாமல் அசையாமல் சப்பாணி கட்டி இருந்து மற்றப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக விளங்க வேண்டும். உலகத்திலேயே அந்த வேலைக்குக் கொஞ்சமும் பொருந்தாதவள் நான். விழாமல் சைக்கிள் ஓட அப்போதுதான் பழகியிருந்தேன். வாசல் படலையில் சாத்தி வைத்த சைக்கிள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். எனக்குக் கால் இரண்டும் துடிக்கும்.

எழும்ப விடாமல் எங்களைப் பிடித்து வைத்திருந்தவள் எல்லோரிலும் சின்னவள். அவளுடைய உம்மாவுக்குக் கல்முனையில் கந்தோர் வேலை, வாப்பா கட்டாரில். வீட்டில் அவளுக்கு போனில் கார்ட்டூன் போட்டுத்தான் ஊட்டுவார்களாம். இங்கே ஒரு பிடி சோற்றை வாயில் வைத்தால் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அப்படியே இருப்பாள். மெல்லவும் மாட்டாள், துப்பவும் மாட்டாள். நான் அவளுக்குக் கன்னக்காரி என்று பெயர் வைத்தேன். ஒருவழியாக விழுங்கினாளோ, நாங்கள் சிட்டாய்ப் பறந்துவிடுவோம். அவள் மட்டும் பாயின் ஓரத்தைப் பிடித்தபடி அங்கேயே இருப்பாள்.

ஒருநாள் பின்னேரம் அவளைக் கூட்டிப்போக வந்த அவளுடைய உம்மா வாசலில் நின்று அழாக்குறையாகச் சொன்னார்:

"ராத்தா, புள்ள மெலிஞ்சி போறாளாம். இப்பிடியே இரிந்தா நான் வேலய உடத்தான் வேணும். மாமி ஒவ்வொரு நாளும் அதத்தான் சொல்றா."

"கொஞ்சம் பொறு தங்கச்சி" என்றார் என் உம்மா.

மறுநாள் புதுச் சட்டம் வந்தது.

"இண்டைக்கு எல்லாரும் திண்டு முடிச்சாலும் ஆரும் எழும்பப்படா. நான் ஒரு கத சொல்லுவன். அது முடிஞ்சாத்தான் எழும்புற."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தி செய்யும் அநியாயத்துக்கு எல்லோருக்கும் இரட்டைத் தண்டனையா? ஆனால் கன்னக்காரி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாரும் எழும்பவில்லை. மடக்கென்று விழுங்கிவிட்டு அடுத்த பிடிக்கு வாயைத் திறந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். இவ்வளவு கெதியாகத் தின்னத் தெரிந்தவள் இத்தனை நாளும் ஏன் எங்களை வதைத்தாள் என்று எனக்கு ஆத்திரம்தான் கூடியது.

பிறகொரு வெள்ளிக்கிழமை அவளுடைய உம்மா அரைநாள் லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். மகள் தன் கையாலேயே சோற்றை அள்ளி வாயில் வைப்பதை வாசலில் நின்று பார்த்தார்.

"சாப்புட்டயா தங்கச்சி?" என்று என் உம்மா அவரைக் கேட்டார்.

"இல்ல ராத்தா. நான் எங்க இரிந்து சாப்புடுற? குசினிக்க நிண்டபடிதான் ரெண்டு வாய்."

"அப்ப வா, வந்து இரி."

அவர் அபாயாவோடு அப்படியே மகளுக்குப் பக்கத்தில் வந்திருந்தார். உம்மா மீன் ஆணத்தை அவர் பக்கமாக ஊற்றினார். கதை முடிந்தது, பிள்ளைகள் எல்லோரும் முடித்தார்கள். அவர் மட்டும் முடிக்கவில்லை. சட்டம் சட்டம்தானே, நாங்கள் இருந்தோம். அவரோ ஒரு வாய்ச் சோற்றை வைத்துக்கொண்டு விழுங்காமல் எங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கண்ணெல்லாம் நிறைந்திருந்தது. ஆணம் உறைப்பாக்கும் என்று நினைத்தேன்.

படலையில் சைக்கிள் காத்திருந்தது. எனக்குக் கால் துடித்தது. மகளுக்கு அந்தக் கெட்ட பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையாவது கண்டுபிடித்துவிட்டேனே என்று, அன்று நான் பெரிய புத்திசாலி போல இருந்தேன்.