கொந்தளிக்கும் கடலில் ஒரு குண்டான் சோறு

கடலைப் பார்க்க நான் ஏறி வந்த சிநேகிதனின் விசைப்படகு நடுக்கடலில் கவிழ்வதுபோல் சாய்ந்து சாய்ந்து நிமிர்கிறது. காலையிலிருந்து பேய்க்காற்றும் மழையும். வலையை ஏற்றி முடிக்காமல் யாரும் சாப்பிட வரமாட்டார்கள். உத்திரமேரூர் ஏரியை மட்டுமே பார்த்து வளர்ந்த நான், வாந்தி எடுத்து ஓய்ந்துபோய் சமையல் தடுப்போரம் கிடக்கிறேன்.

சமையல்காரர் ஏழுமலை, அடுப்பிலிருக்கும் குண்டானைக் கம்பியால் கட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"எந்த ஊரு நைனா நீ?"

சொல்கிறேன்.

"அட, நான் பக்கத்துல மானாம்பதி! வூட்டாண்ட நெலம்லாம் கீது."

"அப்புறம் இன்னாத்துக்கு இங்க வந்து பேஜார் பட்டுக்கினு கீறீங்க?" என்கிறேன்.

"சும்மா பாக்கலாம்னுதான் வந்தேன். கடலு புட்ச்சிப் போச்சி."

அவர் சிரித்து முடிப்பதற்குள் பெரிய அலை மோதுகிறது. கம்பி அறுந்து குண்டான் சரிகிறது. சாக்கைப் போட்டு அதைக் கட்டிப்பிடித்தவர், ஈரத் தரையில் வழுக்கிக்கொண்டு குண்டானோடு வாசல் பக்கம் போகிறார்.

"புடி நைனா! எல்லாம் பசியோட கீறானுங்கோ!"

தலையைத் தூக்க முடியாமல் கிடந்த நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. வாசல் சட்டத்தில் காலை ஊன்றி அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறேன். படகு நிமிர்கிறது. கஞ்சி கொஞ்சம் சிந்தியதோடு சோறு தப்பிக்கிறது.

வலை ஏறியதும் எல்லோரும் சொட்டச் சொட்ட வந்து உட்காருகிறார்கள். தட்டில் மழை விழுகிறது. சூடான சோறும் மீன்குழம்பும் இறங்க இறங்கக் கேலியும் சிரிப்பும் கிளம்புகின்றன. காற்று இன்னும் அடங்கவில்லை.

என்னைக் கேட்காமலே ஏழுமலை இன்னொரு கரண்டி சோறு வைக்கிறார்.

"துன்னு. இது உள்ள நிக்கும்."

நிற்கிறது.